முயலுக்கு மூன்றே கால்!

நம்பியது பொய் என்று தெரிந்த பிறகும் அதையே பிடித்துத் தொங்குவது ஏன்? மனம் உண்மையில் மாறுவது எப்போது?

1934 ஜனவரி 15. பிற்பகல் இரண்டேகால் மணி வாக்கில் வட பீகார் குலுங்கியது. முங்கேரும் முசாஃபர்பூரும் சில நிமிடங்களில் இடிபாடுகளாயின. வயல்களில் நிலம் பிளந்து மணலும் நீரும் பொங்கின. பீகாரிலும் நேபாளத்திலுமாகப் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள்.

நிலம் அடங்கியது. வதந்தி கிளம்பியது. ‘சந்திர கிரகணத்தன்று இதைவிடப் பெரிய நிலநடுக்கம் வரப்போகிறது’, ‘நேபாள எல்லையிலிருந்து வெள்ளம் பாய்ந்து வருகிறது’, ‘26-ம் தேதி பிரளயம்’ என்று ஊர் ஊராகப் பேச்சு ஓடியது. ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளவியலாளர் இந்த வதந்திகளைப் பொறுமையாகத் திரட்டி, 1935-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் லியான் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரின் கைக்கு அந்தத் தகவல்கள் போய்ச் சேர்ந்தன. அவரை ஒரு கேள்வி குடைந்தது. இந்த வதந்திகள் பரவிய பகுதிகளில் அதிர்ச்சியை எல்லோரும் உணர்ந்திருந்தார்கள். ஆனால் கண்ணெதிரே பெரிய சேதம் எதுவும் இல்லை. தப்பித்தவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டியதுதானே? இன்னும் பெரிய ஆபத்து வருகிறது என்று தங்களைத் தாங்களே ஏன் பயமுறுத்திக்கொண்டார்கள்? துர்கானந்த் சின்ஹா என்ற உளவியலாளர் டார்ஜிலிங் நிலச்சரிவுக்குப் பின் சேகரித்த வதந்திகளில் இந்த ரகம் இல்லை. அங்கே வீடும் உயிரும் கண் முன்னால் போயிருந்தன. பயப்படுவதற்கான காரணம் தெருவிலேயே கிடந்தது.

ஃபெஸ்டிங்கர் கண்டுகொண்ட விடை இதுதான்: பீகாரில் அந்த வதந்திகள் பயத்தை உண்டாக்கவில்லை. பயம் முன்பே வந்துவிட்டது. உடம்பு நடுங்குகிறது, மனம் பதறுகிறது, சுற்றிப் பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. ‘நான் பயந்துபோயிருக்கிறேன்’ என்பதும் ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்பதும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. வந்துவிட்ட பயத்துக்குத் தகுந்த காரணத்தை மனம் தானே செய்துகொண்டது. 1957-ல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற கோட்பாட்டுக்கு வித்திட்டவை இந்திய மண்ணில் பரவிய இந்த வதந்திகள்தான் என்று அந்த நூலின் முன்னுரையில் அவரே சொல்லியிருக்கிறார்.

ஒரு நெஞ்சு, இரண்டு நினைப்பு

அந்தக் கோட்பாட்டின் பெயர் ‘காக்னிட்டிவ் டிஸனன்ஸ்’. மனமுரண் என்று வைத்துக்கொள்வோம். நாம் நம்புவதும் நாம் செய்வதும் மோதும்போது, அல்லது நாம் நம்பும் இரண்டு விஷயங்கள் தமக்குள் மோதும்போது, மனத்தில் ஒரு உறுத்தல் பிறக்கிறது. பசி வந்தால் சோறு தேடுவதுபோல, இந்த உறுத்தல் வந்தால் அதைத் தணிக்க மனம் வழி தேடுகிறது. செய்கையை மாற்றலாம். நம்பிக்கையை மாற்றலாம். இரண்டும் கஷ்டமென்றால், நடுவே ஒரு சமாதானத்தைச் செருகிவிடலாம். பெரும்பாலும் நாம் தேர்ந்தெடுப்பது மூன்றாவது வழியைத்தான்.

டீக்கடையில் நின்று பாருங்கள். சிகரெட் பெட்டியின் இரண்டு பக்கங்களிலும் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படமும் வாசகமும் அடைத்திருக்கின்றன. 2016 ஏப்ரல் முதல் இது சட்டம். ஆனால், சில்லறையாக ஒன்று வாங்குபவர் அந்தப் பெட்டியைத் தொடுவதே இல்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். இவர் கயிற்று நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு சாலையைப் பார்க்கிறார். கேட்டால் பதில் தயார்: ‘எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் பீடி குடிச்சார், ஒண்ணும் ஆகலை.’ ‘சிகரெட்டே தொடாதவனுக்கும்தான் கேன்சர் வருது.’ ‘விட்டா உடம்பு போட்டுடும், டென்ஷன் ஏறும்.’ ‘ஒரு நாளைக்கு நாலுதான்.’

இவருக்கு விவரம் தெரியாது என்று நினைத்தால் அது நம் தவறு. 2016-17-ல் இந்திய அரசு நடத்திய புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புகைப்பழக்கம் கடும் நோய் தரும் என்றே சொன்னார்கள். அதே கணக்கெடுப்பில், 28.6 சதவீதம் பேர் ஏதோவொரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாகத் தெரியவந்தது. ‘நான் விவரம் தெரிந்தவன்’, ‘நான் என் குடும்பத்தை நேசிப்பவன்’, ‘என்னைக் கொல்லக்கூடியதை நான் தினமும் செய்கிறேன்’ என்ற மூன்றும் ஒரே நெஞ்சில் சேர்ந்து குடியிருக்க முடியாது. தாத்தாவின் பீடி அங்கேதான் உதவிக்கு வருகிறது.

உலகம் அழியாத காலை

மனமுரண் என்றவுடன் உலகமெங்கும் பாடப்புத்தகங்களில் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. சிகாகோவை அடுத்த ஓக் பார்க்கில் டோரதி மார்ட்டின் என்ற பெண்மணி வசித்தார். வேற்றுக்கிரகவாசிகள் தன் கையைப் பிடித்துச் செய்தி எழுதுவதாக அவர் நம்பினார். 1954 டிசம்பர் 21 அன்று விடிவதற்குள் பெருவெள்ளம் வந்து உலகம் அழியும், நம்பிக்கையுள்ளவர்களைப் பறக்கும் தட்டு வந்து ஏற்றிச் செல்லும் என்பது அவருக்கு வந்த ‘செய்தி’. சிலர் வேலையை விட்டார்கள். சிலர் உடைமைகளைக் கொடுத்துவிட்டார்கள். ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்கள் ஹென்றி ரீக்கனும் ஸ்டான்லி ஷாக்டரும் தங்கள் ஆட்களை பக்தர்கள்போல அந்தக் குழுவுக்குள் அனுப்பிக் குறிப்பெடுத்தார்கள்.

நள்ளிரவு கடந்தது. தட்டு வரவில்லை. விடியற்காலை ஐந்து மணி நெருங்கும் வேளையில் புதுச் செய்தி ‘வந்தது’: இந்தச் சின்னக் கூட்டம் இரவு முழுக்கப் பரப்பிய ஒளியைக் கண்டு கடவுள் உலகத்தைக் காப்பாற்றிவிட்டாராம். அதுவரை பத்திரிகைகளைத் தவிர்த்துவந்தவர்கள் தாங்களே தொலைபேசியில் நிருபர்களை அழைக்கத் தொடங்கினார்கள் என்று 1956-ல் வெளிவந்த அவர்களின் நூல் சொல்கிறது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை!

இந்தக் கதையை இப்போது சற்றுக் கவனமாகத்தான் சொல்ல வேண்டும். அந்த ஆய்வின் காப்பகக் காகிதங்களைப் புரட்டிப் பார்த்து 2025-ல் வெளியான ஒரு கட்டுரை, ஆய்வாளர்கள் அனுப்பிய ஆட்களே குழுவின் போக்கில் பலவாறு தலையிட்டார்கள், பிரசாரம் முன்பே நடந்துகொண்டிருந்தது, பலர் சீக்கிரமே நம்பிக்கையைக் கைவிட்டார்கள் என்று காட்டியிருக்கிறது. மனிதர்கள் தங்கள் நம்பிக்கைக்குத் தகுந்த சான்றுகளையே பார்க்கிறார்கள் என்று நிறுவ வந்தவர்களும் அதே சறுக்கலுக்கு ஆளாகியிருக்கிறார்கள். இந்தக் குணத்துக்குப் படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் கிடையாது.

ஒரு டாலருக்கு ஒரு பொய்

கோட்பாட்டுக்கு வலுச் சேர்த்தது சோதனைச்சாலைதான். 1959-ல் ஃபெஸ்டிங்கரும் அவருடைய மாணவர் மெரில் கார்ல்ஸ்மித்தும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களை வைத்து நடத்திய சோதனையைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும்.

மாணவர் அறைக்குள் வருகிறார். ஒரு தட்டும் 12 நூல்கண்டுக் கட்டைகளும் இருக்கின்றன. கட்டைகளை ஒற்றைக் கையால் தட்டில் அடுக்க வேண்டும். அடுக்கியதும் எடுத்துவிட வேண்டும். மறுபடி அடுக்க வேண்டும். இது அரை மணி நேரம். அடுத்து, ஒரு பலகையில் செருகியிருக்கும் 48 சதுர முளைகளை ஒவ்வொன்றாகக் கால் வட்டம் திருப்ப வேண்டும். 48 முடிந்ததும் மறுபடி முதல் முளையிலிருந்து. இது இன்னொரு அரை மணி. உயிரை எடுக்கும் அலுப்பு. அதற்காகவே யோசித்து உருவாக்கிய வேலை அது.

முடிந்ததும் ஆய்வாளர் தயக்கத்தோடு ஓர் உதவி கேட்கிறார்: ‘வெளியே ஒரு பெண் காத்திருக்கிறார். வேலை ரொம்ப சுவாரசியமாக இருந்தது என்று அவரிடம் சொல்ல முடியுமா?’ பொய் சொன்னதற்குச் சிலருக்கு ஒரு டாலர் கொடுத்தார்கள். சிலருக்கு 20 டாலர். அந்தக் காலத்தில் 20 டாலர் நல்ல தொகை. கடைசியில் எல்லோரிடமும் வேலை உண்மையில் எப்படி இருந்தது என்று கேட்டார்கள்.

அதிகக் கூலி வாங்கியவர்தான் வேலையைப் புகழ்வார் என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரையிலான அளவுகோலில், 20 டாலர் வாங்கியவர்களின் சராசரி மதிப்பெண் ஏறத்தாழப் பூஜ்யம். ஒரு டாலர் வாங்கியவர்கள் கொடுத்த சராசரி 1.35. பொய்யே சொல்லாதவர்களின் சராசரி மைனஸ் 0.45. இருபது டாலர்காரரிடம் ‘ஏன் பொய் சொன்னாய்?’ என்ற கேள்விக்குச் சட்டைப்பையிலேயே பதில் இருந்தது. ஒரு டாலர்காரரிடம் இல்லை. ‘ஒரு டாலருக்குப் பொய் சொல்கிறவனா நான்?’ என்ற உறுத்தலைத் தணிக்க, ‘அந்த வேலை அவ்வளவு மோசமில்லை’ என்று அவர் மனம் தன்னையே நம்பவைத்துக்கொண்டது.

இந்தத் துறையும் மறுபரிசோதனைக்குத் தப்பவில்லை. இதே கருத்தைக் கட்டுரை எழுதவைத்துச் சோதிக்கும் முறையில், 39 ஆய்வகங்கள் சேர்ந்து, 4,898 பேரை வைத்து நடத்திய மறுசோதனையின் முடிவு 2024-ல் வெளியானது. பிடிக்காத கருத்தை ஆதரித்துக் கட்டுரை எழுதியவர்கள் அந்தக் கருத்தின் பக்கம் சாய்ந்தது உண்மை. ஆனால், ‘நீங்களாக விரும்பித்தான் எழுதுகிறீர்கள்’ என்ற உணர்வைத் தந்தாலும் தராவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. செயல் மனத்தை இழுக்கிறது என்பது நிற்கிறது. எந்தக் கயிற்றால் இழுக்கிறது என்பதில் பழைய விளக்கத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. நாம் செய்வதை நாமே பார்த்துத்தான் நம் கருத்து இன்னதென்று ஊகிக்கிறோம் என்று டேரில் பெம் என்ற உளவியலாளர் 1967-லேயே வேறொரு விளக்கம் தந்திருந்தார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

பட்ட பாடும் போட்ட பணமும்

மனமுரண் மிகக் கொடூரமாக வேலை செய்வது நாம் விலை கொடுத்த இடங்களில். 1959-ல் உளவியலாளர்கள் எலியட் ஆரன்சனும் ஜட்சன் மில்ஸும் ஒரு விவாதக் குழுவில் சேர வந்த மாணவிகளில் சிலரை மிகவும் கூச்சப்படவைக்கும் தேர்வு ஒன்றுக்கு உட்படுத்தினார்கள். வேறு சிலருக்கு இலேசான தேர்வு. இன்னும் சிலருக்குத் தேர்வே இல்லை. உள்ளே நடந்த விவாதமோ சகிக்க முடியாத அறுவை. அதிகம் கூச்சப்பட்டு உள்ளே வந்தவர்கள்தான் அந்த விவாதத்தை அதிகம் மெச்சினார்கள். இவ்வளவு பட்டுவிட்டு, ‘பிரயோஜனமில்லை’ என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

நம் கல்லூரி விடுதிகளில் ராகிங் ஏன் இவ்வளவு காலம் உயிரோடு இருந்தது என்பதற்கான விடையில் பாதி இங்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் 1997-லேயே ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும், முதலாண்டில் அழுதவரே மூன்றாம் ஆண்டில், ‘இதெல்லாம் பட்டாத்தான் தம்பி தைரியம் வரும், எங்க சீனியர்களோட நாங்க இன்னைக்கு வரைக்கும் குடும்பம் மாதிரி பழகுறோம்’ என்று பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். பட்டது வெறும் அவமானம், அதனால் எந்த நன்மையும் இல்லை என்று ஒப்புக்கொள்வது பட்டதைவிட வலிக்கிறது. வலியை மறைக்கப் பெருமை பிறக்கிறது. அந்தப் பெருமை அடுத்த ஜூனியரின் தலையில் விடிகிறது. மாமியார் கொடுமைக்கு ஆளான மருமகள் பின்னாளில் தன் மருமகளிடம், ‘நாங்கள்லாம் வாயைத் திறந்திருப்போமா?’ என்று கேட்பதும் இதே ஓட்டத்தில்தான்.

பணம் போட்ட இடமும் அப்படியே. 2024 ஜனவரியில், மோசடிப் புகாரில் வழக்குப் பதிவான ஒரு நிறுவனத்துக்கு ஆதரவாகக் கோவையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் அதில் பணம் போட்டவர்கள். நிறுவனம் முடங்கினால் போட்டது போய்விடுமே என்ற நடைமுறைப் பயம் அதில் இருந்திருக்கும். அதை மறுக்க முடியாது. ஆனால், பணத்தோடு சேர்த்து இன்னொன்றையும் அவர்கள் முதலீடு செய்திருந்தார்கள். மைத்துனரையும் பக்கத்து வீட்டு அக்காவையும் அலுவலக நண்பரையும் தாங்களே சேர்த்துவிட்டிருந்தார்கள். ‘நான் ஏமாந்தேன்’ என்று சொல்வதே கடினம். ‘என்னை நம்பியவர்களையும் ஏமாறவைத்தேன்’ என்று சொல்வதற்கு அதைவிடப் பத்து மடங்கு துணிச்சல் வேண்டும். ஏமாந்தவர்களை நாம் ‘பேராசைக்காரர்கள்’ என்று கேலி பேசும் ஒவ்வொரு தடவையும் அந்தத் துணிச்சலை இன்னும் எட்டாத உயரத்துக்கு ஏற்றுகிறோம்.

ஆதாரம் மட்டும் போதுமா?

‘புள்ளிவிவரத்தைக் காட்டினால் ஒத்துக்கொள்ளத்தானே வேண்டும்?’ 1979-ல் சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகிய மூன்று உளவியலாளர்கள் மரண தண்டனையை ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள் என இரு தரப்பு மாணவர்களுக்கும் ஒரே இரண்டு ஆய்வுகளைக் கொடுத்தார்கள். தண்டனையால் கொலைகள் குறைகின்றன என்றது ஒன்று. குறையவில்லை என்றது மற்றொன்று. இரு தரப்பும் தமக்குச் சாதகமான ஆய்வை மெச்சின. எதிரானதில் ஓட்டை தேடின. ஒரே காகிதங்களைப் படித்துவிட்டு, தங்கள் கருத்து முன்பைவிட உறுதியாகிவிட்டதாக இரு தரப்பும் சொன்னதுதான் வேதனை.

இதைக் கேட்டு, உண்மையை எடுத்துச் சொல்வதே வீண் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தவறைத் திருத்தினால் ஆட்கள் இன்னும் முரண்டு பிடிப்பார்கள் என்று 2010 வாக்கில் பரபரப்பாகப் பேசப்பட்டது. பின்னர் பெரிய அளவில் நடந்த சோதனைகளில், பெரும்பாலானோர் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறார்கள் என்றே தெரியவந்தது. தகவல் திருந்துகிறது. ஆனால் சார்பு அவ்வளவு சீக்கிரம் நகர்வதில்லை. தன் தலைவர் சொன்ன எண் தவறு என்று ஒப்புக்கொள்கிறவர், அதற்காகத் தலைவரை விட்டுவிடுவதில்லை. கருத்து என்பது தனியாக நிற்கும் பொருளாக இருந்தால் எளிதில் மாறும். அது சாதியோடும் கட்சியோடும் குடும்ப கௌரவத்தோடும் பின்னிக்கிடக்கும்போது, ஒரு நூலை இழுத்தால் துணி முழுவதும் பிரிந்துவிடுமோ என்று மனம் அஞ்சுகிறது.

கை முன்னே, மனம் பின்னே

அப்படியென்றால் மாற்றம் எங்கிருந்து வருகிறது? கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. மனம் மாறிய பிறகு வாழ்க்கை மாறுவதைவிட, வாழ்க்கை மாறிய பிறகு மனம் மாறுவதே அதிகம்.

இந்தியாவே இதற்குச் சாட்சி. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சாசனத் திருத்தத்தின்படி ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மேற்கு வங்கத்தில் எந்த ஊராட்சி ஒதுக்கீட்டில் வரும் என்பது சுழற்சி முறையில், யாருடைய விருப்பு வெறுப்புக்கும் இடமில்லாமல் தீர்மானிக்கப்பட்டதால், இரண்டு வகை ஊர்களையும் நியாயமாக ஒப்பிட முடிந்தது. லோரி பீமன், எஸ்தர் டஃப்லோ, ரோகிணி பாண்டே உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஒரே உரையை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து கிராமத்தாருக்குப் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரையே காணாத ஊர்களில், அதே சொற்களைப் பெண் குரலில் கேட்ட ஆண்கள் குறைவாக மதிப்பிட்டார்கள். பெண் தலைவரைக் கண்ட ஊர்களில் அந்தப் பாகுபாடு மறைந்திருந்தது. இரண்டு முறை ஒதுக்கீடு பெற்ற இடங்களில், பின்னர் ஒதுக்கீடு இல்லாத தேர்தலிலும் அதிகப் பெண்கள் நின்று வென்றார்கள்.

2009-ல் வெளியான அந்த ஆய்வு இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னது. ‘தலைவர் என்றால் ஆண்தான் பிடிக்கும்’ என்ற அடிமன விருப்பம் பெரிதாக மாறவில்லை. ‘பெண்ணால் முடியாது’ என்ற எண்ணம்தான் மாறியது. ஜனநாயகத்துக்கு அதுவே பெரிய முன்னேற்றம். தமிழ்நாடு 2016-ல் உள்ளாட்சிகளில் பெண்களுக்கான ஒதுக்கீட்டை 50 சதவீதமாக உயர்த்தியதை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ‘புருஷன்தானே பின்னாலிருந்து நடத்துகிறார்’ என்ற குறை பல ஊர்களில் உண்மையாகவே இருக்கலாம். அப்படியிருந்தும், தலைவர் நாற்காலியில் பெண் அமர்ந்திருப்பதைப் பார்த்தே வளரும் குழந்தைக்கு அது இயல்பாகிவிடுகிறது.

வெறுமனே அருகருகே இருந்தால் மட்டும் போதாது. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் மேட் லோ என்ற பொருளியலாளர் பல சாதி இளைஞர்களைச் சேர்த்துக் கிரிக்கெட் தொடர் நடத்தினார். யார் எந்த அணியில் என்பது குலுக்கலில் முடிவானது. வேறு சாதியாரோடு ஒரே அணியில் ஆடியவர்களிடம் சாதி கடந்த நட்பு கூடியது. வேறு சாதியாரை எதிரணியில் மட்டுமே சந்தித்தவர்களிடம் அது குறைந்தது. ஒரே மைதானம், அதே மட்டை, அதே பந்து. ஒன்றாக ஜெயிக்கப் பாடுபட்டார்களா, ஒருவரை ஒருவர் தோற்கடிக்கப் பாடுபட்டார்களா என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்தது. சாதிவாரியாகக் கையில் கயிறு கட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படும் நம் பள்ளிகளுக்கு இதில் பாடம் இருக்கிறது. கயிற்றை அறுப்பது முதல் படி. எல்லோரையும் ஒரே அணியில் சேர்த்து, ஜெயிக்க ஒரு பொது இலக்கைத் தருவது அடுத்த படி.

பேச்சு எப்போது பலிக்கும்?

பேசியே மனத்தை மாற்ற முடியாதா? முடியும். பேசும் விதம்தான் வேறு. 2016-ல் டேவிட் புரூக்மேன், ஜோஷுவா கல்லா ஆகிய இரு இளம் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் மயாமியில் நடந்த ஒரு முயற்சியை அளந்து பார்த்தார்கள். தன்னார்வலர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி, திருநர்கள் குறித்துச் சுமார் பத்து நிமிடம் உரையாடினார்கள். அவர்கள் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. ‘உங்களை யாராவது உங்கள் தோற்றத்துக்காகவோ குணத்துக்காகவோ ஒதுக்கிவைத்த அனுபவம் உண்டா?’ என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பத்து நிமிடத்தின் தாக்கம் மூன்று மாதங்களுக்குப் பிறகும் இருந்தது.

காரணம் எளிது. வாதத்தில் ஒருவரைத் தோற்கடித்தால், அவர் தோற்ற கருத்தைக் காப்பாற்ற ஓடுவார். அவருடைய அனுபவத்தையே அவர் வாயால் சொல்லவைத்தால், முரணைக் கண்டுபிடிப்பவரும் அவரே, தீர்ப்பவரும் அவரே. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு பொய்ச் செய்தியைப் போட்டால், எல்லோர் முன்னிலையிலும் ‘இது ஃபேக்’ என்று போட்டு உடைப்பது அவரைக் கோட்டைக்குள் தள்ளும். தனியே அழைத்து, ‘சித்தப்பா, இது எங்கேர்ந்து வந்துச்சு? எனக்கும் ஒரே குழப்பமா இருக்கு, சேர்ந்து பார்க்கலாமா?’ என்றால் அவர் வெளியே வர ஒரு வாசல் திறந்திருக்கும்.

பிள்ளை வளர்ப்புக்கும் இது பொருந்தும். 1963-ல் ஆரன்சனும் கார்ல்ஸ்மித்தும் நர்சரிக் குழந்தைகளிடம், பிடித்த பொம்மை ஒன்றைத் தொடக் கூடாது என்றார்கள். சிலரிடம் கடும் மிரட்டல்; சிலரிடம் இலேசான கண்டிப்பு. இரு சாராரும் தொடவில்லை. ஆனால், இலேசாகச் சொல்லப்பட்ட குழந்தைகளுக்கு அந்தப் பொம்மை மீதான ஆசையே குறைந்தது. 1965-ல் ஜோனதன் ஃப்ரீட்மன் அதேபோன்ற சோதனை நடத்திச் சில வாரங்கள் கழித்துப் போய்ப் பார்த்தார். மிரட்டப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேர் அந்தப் பொம்மையை எடுத்து விளையாடினார்கள். இலேசாகச் சொல்லப்பட்டவர்களில் மூன்றில் ஒருவர்கூட எடுக்கவில்லை. பிரம்பு இருக்கும்வரை பயம் நிற்கும். ‘நானாகத்தான் தொடவில்லை’ என்ற எண்ணமோ பிரம்பு போன பிறகும் நிற்கும்.

முரணை நல்ல காரியத்துக்கும் திருப்பலாம். 1992-ல் வெளியான ஓர் ஆய்வில், கலிஃபோர்னியாவில் நீச்சல் முடித்துக் குளிக்கப் போகும் மாணவிகளிடம், அவர்கள் எவ்வளவு தண்ணீரை வீணாக்குகிறார்கள் என்பதை முதலில் நினைவூட்டினார்கள். பிறகு, ‘தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்’ என்ற சுவரொட்டியில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இரண்டும் சேர்ந்தபோது, எதுவும் கேட்கப்படாதவர்களைவிட அவர்கள் குளிக்கும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் மேல் குறைந்தது. ஊருக்கு உபதேசம் செய்கிறோமே, நாம் செய்கிறோமா என்று உள்ளே சுருக்கென்று தைத்தது. யாரும் அவர்களைக் குத்திக் காட்டவில்லை.

மாறியவரை மதிப்போம்

பீகார் நிலநடுக்கம் நடந்து ஒன்பதாம் நாள். தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழகம் வந்திருந்த காந்தி திருநெல்வேலிக் கூட்டத்தில் பேசினார். தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனையே இந்தப் பேரழிவு என்றார். தாகூர் துடித்துப்போனார். இயற்கை நிகழ்வுக்கு இப்படிக் காரணம் கற்பிப்பது பகுத்தறிவுக்கு விரோதம் என்று எழுதினார். காந்தி தாகூரின் மறுப்பைத் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டார்; ஆனாலும் தம் கருத்தை விடவில்லை. சேதம் காணாத ஊர்கள் வதந்தியில் தேடியதுபோல, காந்தியின் மனமும் காரணமில்லாத அழிவுக்கு ஒரு காரணத்தைத் தேடியது.

அதே காந்திதான் 1921-ல் சாதி கடந்த சமபந்தியையும் திருமணத்தையும் ஏற்காமல் எழுதியவர். அம்பேத்கர் போன்றோரின் கடும் விமர்சனங்களை எதிர்கொண்டவர். 1946 வாக்கில், மணமக்களில் ஒருவர் தலித்தாக இருந்தாலன்றித் தம் ஆசிரமத்தில் திருமணமே நடத்துவதில்லை என்ற நிலைக்கு வந்தவர். முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறீர்களே என்று கேட்டவர்களுக்கு 1933-லேயே வழி சொல்லிவிட்டார்: ஒரே பொருள் பற்றித் தாம் எழுதிய இரண்டு கருத்துகள் மோதினால், பின்னால் எழுதியதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு விஷயத்தில் மாறாமல் நின்றவரே இன்னொன்றில் கால் நூற்றாண்டாக மாறிக்கொண்டே வந்தார். மனிதர்கள் அப்படித்தான், ஒரே மூச்சில் முழுவதும் மாறுவதில்லை.

இன்று நம் பொதுவெளி இதற்கு இடம் தருகிறதா? ஒருவர் கருத்தை மாற்றிக்கொண்டால் பத்தாண்டுகளுக்கு முந்தைய வீடியோவைத் தேடியெடுத்து ‘பல்டி’ என்று ஓட்டுகிறோம். பதவிக்காகவும் பணத்துக்காகவும் கொடி மாற்றுகிறவர்களை அப்படி அம்பலப்படுத்த வேண்டியதுதான். ஆனால், அவர்களையும் உண்மையிலேயே மனம் மாறியவர்களையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. பிரித்தறிய இரண்டு கேள்விகள் போதும்: ஏன் மாறினேன் என்று வெளிப்படையாகச் சொல்கிறாரா? மாறியதால் அவருக்கு லாபமா, நஷ்டமா? நஷ்டப்பட்டும் மாறியவர் தண்டிக்கப்பட வேண்டியவர் அல்ல. கையெடுத்துக் கும்பிட வேண்டியவர்.

உங்களை நீங்களே கேட்க…

* கடந்த ஐந்தாண்டுகளில் எந்த முக்கியமான விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொண்டேன்? ஒன்றுகூட இல்லையென்றால், நான் எப்போதும் சரியாக இருந்தேனா, கேட்பதை நிறுத்திவிட்டேனா?

* என் தரப்பைப் பற்றி வரும் ஒரு செய்தி, எதிர்த்தரப்பைப் பற்றியதாக இருந்தால் இதே சலுகையைக் கொடுத்திருப்பேனா?

* இதில் நான் போட்ட பணம், நேரம், கௌரவம் எதுவும் இல்லையென்று வைத்துக்கொண்டால், இன்று புதிதாக இதில் சேர்வேனா?

* என்ன ஆதாரம் கிடைத்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்? ‘எதுவும் இல்லை’ என்பது பதிலானால், அதைக் கருத்து என்று சொல்ல முடியாது.

* நான் யாரை மாற்ற நினைக்கிறேனோ, அவர் மானம் கெடாமல் மாற ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறேனா?

மனமுரண் ஒரு நோயல்ல. நம்புவதும் செய்வதும் ஒத்துப்போக வேண்டும் என்று மனம் ஆசைப்படுவதால்தான் உறுத்தலே வருகிறது. உறுத்தல் இல்லாதவர் திருந்தவே வழியில்லை. ஆகவே அடுத்த முறை உங்களுக்குள் அந்த உறுத்தல் எழும்போது, உடனே ஒரு சமாதானத்தைத் தேடி ஓடாதீர்கள்; ஒரு நாள் அதைத் தாங்கிக்கொண்டு, எது தவறு என்று பாருங்கள். உங்கள் வீட்டில், அலுவலகத்தில், இயக்கத்தில் யாராவது ‘நான் நினைத்தது தவறு’ என்று சொன்னால், ‘அப்பவே சொன்னேனே’ என்ற பதிலை விழுங்கிவிடுங்கள். அவருக்கு நன்றி சொல்லுங்கள். தவறை ஒப்புக்கொள்பவருக்கு மரியாதை கிடைக்கும் சமூகத்தில்தான் முயலுக்கு நாலு கால் என்று சொல்ல ஆட்கள் முன்வருவார்கள்.